கத்திரியின் ஏழு நொடி

அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தது மச்சினிதான். காலையில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. மதியம் வீட்டுக்கு வந்துவிட்டால் பழைய பாட்டுகளைத் துண்டு துண்டாக நறுக்குவதுதான் பிழைப்பு. ஒரு ரெக்கார்டில் நல்ல இடமாக நாலு நொடி அகப்பட்டால் போதும். அதை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் டிரம்ஸைப் போட்டு, மேலே யாரையாவது ராப் பண்ணச் சொல்லுவான். அந்தத் துண்டுக்குச் சாம்பிள் என்று பெயர். முழுப்பாட்டை உட்கார்ந்து கேட்கிற பொறுமையெல்லாம் ஐயாவுக்குக் கிடையாது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் இரவு டியூட்டிதான், அதனால் பகலில் தூங்குவாள். வீட்டில் இருப்பதோ ஒரே படுக்கையறை, பாட்டுத் துண்டுகளைப் பிடித்து ஓடவிடும் அவனுடைய மெஷினும் அங்கேதான். திரையை இழுத்துவிட்ட அரையிருட்டில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதன் ரப்பர் கட்டைகளை விரல் நுனியால் பூப்போலத் தட்டுவான். டிரம்ஸின் வேகத்தை வைத்தபிறகுதான் கவனிப்பான், அது அவள் மூச்சு விடுகிற வேகமாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஊர் தன்பாட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அந்த மூன்று மணிநேரம் அவனுக்குச் சொர்க்கம்.

அப்படி ஒரு மதியத்தில்தான் அந்தக் குரல் அகப்பட்டது. பழைய சாமான் கடையில் வாங்கிய ரெக்கார்டு. உறை இல்லை. நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஸ்டூடியோ இருந்த தெருவைத் தவிர எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. கிட்டாருக்குப் பின்னால், எங்கோ ஒரு மூலையில், ஒரு பெண் வாயைத் திறக்காமல் ஹம் பண்ணுகிறாள். ஏழே நொடி. கேட்டவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், ஜன்னலோரம் நிற்கிறாள், யாருக்காகவும் பாடவில்லை என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். துண்டு கையில் இருக்கும்போது ரெக்கார்டு எதற்கு? அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டான்.

"தூக்கத்துல சிரிக்கிறீங்க. யாருங்க அவ?" என்று விடியற்காலையில் டியூட்டி முடிந்து வந்த மனைவி கேட்டாள்.

"தெரியலையே. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, கூரியர் ஆபீசில் நாள் முழுக்கப் போனில் பேசுகிறவள். போதாததற்கு ராப் வேறு. அந்தக் குரலைக் கேட்ட அன்றே எழுத உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷமாக எல்லாக் கம்பெனியும் கதவைச் சாத்திய பிறகு, இந்தப் பாட்டுக்கு மட்டும் ஒரு கம்பெனி சரி என்றது. நிபந்தனை ஒன்றுதான்: அந்த ஏழு நொடிக்குச் சொந்தமான பாடகியின் கையெழுத்து, ஒரு மாதத்துக்குள். இல்லாவிட்டால் பாட்டு கிடையாது. மச்சினி அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இது போச்சுன்னா நான் இனிமே எழுதவே மாட்டேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

தெருவைத் தேடிப் போனான். ஸ்டூடியோ இருந்த மாடியில் இப்போது பல் டாக்டர் இருந்தார். கீழே காவலுக்கு இருந்தவர், அங்கே வேலை செய்த சவுண்ட் என்ஜினியர் இப்போது காது கேட்கும் கருவி விற்கிறார் என்று வழி சொன்னார். இப்படியே அலைந்ததில் மூன்று வாரம் ஓடிவிட்டது.

காதுக்கருவிக்காரர் ரெக்கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு துண்டைக் கேட்டார். கேட்டுவிட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதுல பொண்ணே பாடலையேப்பா."

"பாடுறாங்களே சார், நீங்கதானே கேட்டீங்க."

"நான்தானே பதிவு பண்ணேன். ரெக்கார்டைப் போட்டுக் கேளு, போ."

வீட்டுக்கு வந்து ரெக்கார்டைப் போட்டான். ஒரு ஆம்பிளை, சாவகாசமாக ஹம் பண்ணினார். கத்திரி ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து போட்டான். அப்புறம்தான் விளங்கியது. அவனுடைய மெஷின் அரதப்பழசு, மொத்தமே பத்து நொடிதான் அதன் வயிற்றில் கொள்ளும். அதனால் ரெக்கார்டை வேகமாகச் சுற்றவிட்டுப் பிடித்து, உள்ளே போனபிறகு வேகத்தைக் குறைப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற தந்திரம். அன்றைக்கும் கிட்டாருக்காக வேகமாகத்தான் பிடித்தான். குறைப்பதற்குள் எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது, ஓடினான். திரும்பி வந்து கட்டையைத் தட்டியபோது பெண்குரல் வந்தது, நம்பிவிட்டான். வேகம் கூடினால் ஆண்குரலும் பெண்குரல்போல உயரும் என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். இவனுக்குத்தான் கண்ணைக் கட்டிவிட்டது.

அந்த ஆம்பிளை கிட்டார் வாசித்தவர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று காதுக்கருவிக்காரர் சொன்னார். கத்திரி மறுநாளே போய்ப் பள்ளிக்கூட வாசலில் பிடித்தான். மணி அடிக்க இன்னும் அரைமணி இருந்தது. காலி வேனில் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் சரியான வேகத்தில் போட்டுக் காட்டினான்.

"நான்தான்" என்று டிரைவர் சிரித்தார். "வாசிக்கும்போது என் வாய் சும்மா இருக்காது. இதுக்காக எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

கத்திரி தன் தவறைச் சொல்லி, வேகமாக ஓடுகிற துண்டையும் போட்டான். டிரைவரின் சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஏழு நொடி முடிந்து முடிந்து மறுபடி மறுபடி வந்தது. வேன் கண்ணாடியில் மரத்து நிழல் அசைந்துகொண்டிருந்தது.

"எங்க அக்கா" என்றார்.

கத்திரி துண்டை நிறுத்தாமல் ஓடவிட்டான்.

"பாத்திரம் தேய்க்கும்போது இப்படித்தான் ஏதாவது முனகிக்கிட்டிருக்கும். அது போய் முப்பத்திரண்டு வருஷமாச்சு. போட்டோ ரெண்டு இருக்கு. குரல் எதுலயும் இல்ல, தம்பி."

ஒரு கையெழுத்துக்காக வந்தவனுக்கு, சட்டைப் பையிலிருந்த காகிதத்தை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது. டிரைவரே கேட்டு வாங்கினார்.

"போடுறேன். ஆனா அக்கா பாடுறப்ப மேல யாரும் பேசக்கூடாது."

"சார், ராப்னாலே பேசுறதுதானே?"

"மத்த இடமெல்லாம் பேசட்டும். அங்க வேணாம்."

வம்பு அங்கேதான் வந்தது. மச்சினி நாலு மாசம் அடித்துத் திருத்திய இரண்டு வரிகள் அந்த ஏழு நொடி மேல்தான் உட்கார்ந்திருந்தன. அந்த வரிகளைக் கேட்டுத்தான் கம்பெனியே சம்மதித்தது.

"அது அவரோட குரல்தான், மெஷின் பண்ண கோளாறுன்னு சொல்லு மாமா. அக்காவாவது ஒண்ணாவது."

"சட்டப்படி அது சரிதான். போய் நீயே சொல்லு. என்னால முடியாது."

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிப் போனாள். மூன்று நாள் போன் இல்லை. நாலாம் நாள் வந்து, "பதிவு அன்னிக்கு அவரையும் வரச் சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மனைவி தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவருக்கு வீட்டிலிருந்த ஒரே நாற்காலி. சத்தம் வரக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். கத்திரி, மச்சினி, டிரைவர் மூவர் காதிலும் ஹெட்போன். மச்சினி மைக்கில் பொரிந்து தள்ளினாள். அந்த இடம் வந்தது. டிரைவர் கேட்டபடி வாயை மூடிக்கொண்டாள்.

ஏழு நொடி முடிந்தது. அவள் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. நிறுத்தாதே என்று கத்திரிக்கு விரலைக் காட்டிவிட்டு டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு இரண்டாவது முறை சுற்றியது.

மூன்றாவது சுற்றில் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, அக்காவோடு சேர்ந்து, அதே மெட்டை அடிக்குரலில் ஹம் பண்ண ஆரம்பித்தார்.

ஹெட்போன் இல்லாத மனைவிக்கு அந்த அறையில் ஒரு கிழவரின் குரல் மட்டும்தான் கேட்டது. அதற்கே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக் வழியாக அவர் குரலும் பதிவாவதைப் பதிவுக்கருவியின் முள் காட்டியது. பாட்டு மூன்றரை நிமிடம் என்று கம்பெனிக்குச் சொல்லியிருந்தார்கள். கத்திரி நிறுத்துகிற பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.