பிஸ்கட் டப்பாவில் கிடந்த பேட்ஜ்

கூத்தாநல்லூர் மீரா உசேனும் நானும் தொண்ணூற்று மூன்றில் ஒரே விமானத்தில் வளைகுடாவுக்குப் போனோம். எனக்கு நன்னிலத்தில் வயலுக்குத் தண்ணீர் இல்லை, அவனுக்குக் கடையில் வியாபாரம் இல்லை. எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சு வைத்துப் படம் பிடிக்கும் வேலை. கனத்த பெட்டிக்குள் இருக்கும் கதிர் வீசும் துண்டைக் கேபிள் வழியாகக் குழாய்க்குத் தள்ள வேண்டும். படம் விழுந்ததும் உள்ளே இழுக்க வேண்டும். கேபிள் சிக்கித் துண்டு வெளியிலேயே நின்றுவிட்டால் நாங்கள் தள்ளி ஓடுவோம். உசேன் மட்டும் போய் உதறிவிட்டு வருவான்.

உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்க, சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். மாதாமாதம் அதை வாங்கி அளப்பார்கள். அளவு ஏறினால் ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள், ஓவர்டைம் போச்சு. அதனால் வேலைக்குக் கிளம்பும்போது பேட்ஜைக் கழற்றி ரூமில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவோம். ஆறு பேருடையதும் அதில்தான் கிடக்கும். அந்த டப்பாவைக் கொண்டுவந்து வைத்தவன் நான். சூப்பர்வைசருக்கும் தெரியும். கேட்டதில்லை.

உசேன் ஒன்பது வருஷம் அந்த வேலையில் கிடந்தான். பிறகு ஊரில் பாத்திரக்கடை வைத்தான். மகள் ஷமீராவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த மாதம்தான் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் அப்துல் மஜீது பேச்சை நிறுத்தி வைத்தார். பெண்ணுக்கும் வருமோ என்ற பயம். டாக்டர், பொதுவாக இது பரம்பரை நோய் அல்ல என்று எழுதிக் கொடுத்தார். மஜீது அந்தப் ‘பொதுவாக’வைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் எதனால் வந்தது, அதை எழுதி வாங்கி வாருங்கள் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எழில்மொழி என்ற பெண் சென்னையிலிருந்து வந்தது. பல நாடுகள் சேர்ந்து, கதிர்வீச்சில் வேலை செய்தவர்களுக்குப் பல வருஷம் கழித்து என்ன நோய் வருகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். உசேன் பெயர் பழைய கம்பெனிப் பதிவேட்டில் இருந்ததாம். மஜீது கேட்ட காகிதம் கிடைத்துவிடும் என்று அவனுக்குத் தெய்வமே வந்து இறங்கியதுபோல இருந்தது. என்னையும் வரச் சொன்னான்.

அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து, தயங்கித் தயங்கிச் சொன்னது. “ஐயா, ஒன்பது வருஷமும் உங்க பேருக்கு நேரா பூஜ்யம்தான் இருக்கு.”

டப்பா கதையைச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டது. இதைத் தனிக் குறிப்பாக எழுதிக்கொள்கிறேன், ஆனால் கணக்கில் பதிவேட்டு எண்தான் போகும் என்றது. தவிர, ஆயிரக்கணக்கான பேரைக் கதிர் பட்டவர்கள், படாதவர்கள் என்று பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்த ஆய்வாம். ஒரு ஆளுக்கு எதனால் வந்தது என்று எழுதித் தர முடியாதாம்.

உசேன் லேப்டாப் பக்கம் குனிந்தான். “அப்ப நான் எந்தப் பக்கத்துல வருவேன்?”

“கதிர் படாதவங்க பக்கத்துலங்க.”

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஒன்பது வருஷம் கேபிளை உதறியவன், கதிர் படாதவனுக்கும் இந்த நோய் வரும் என்பதற்குச் சாட்சியாம்.

“எம் பேரை எடுத்துடும்மா” என்றான் உசேன். “காகிதந்தான் தர முடியாது. பொய்ச் சாட்சியா மட்டும் என்னைச் சேர்த்துக்காதே.”

நீங்கள் இருந்தால் குறிப்பாவது இருக்கும் என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தது. அவன் கேட்கவில்லை. விலகுகிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு தாள் வாங்கி, டப்பா வைத்தது நான், பேட்ஜைக் கழற்றச் சொன்னது நான், உசேன் உடம்பில் பட்டது நிஜம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மஜீது வீட்டுக்குப் போனேன். மனுஷர் மரியாதையாக டீ கொடுத்தார். இரண்டு தடவை படித்தார்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“எட்டாவது.”

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் உசேன் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஷமீராதான் கல்லாவில் இருந்தாள். நான் மஜீது வீட்டுக்குப் போனது அவளுக்குத் தெரியும். என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்துவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.