மோட்டார் ஆறும் வரை

எங்கள் குடும்பத்தில் மோட்டார் என்றால் பம்புசெட் மோட்டார்தான். வடக்கனந்தலிலிருந்தும் ரிஷிவந்தியத்திலிருந்தும் கருகிப்போன மோட்டார்களை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வருவார்கள். அத்தையும் மாமாவும் வைத்திருந்த காயில் கட்டும் கடையில் அவற்றுக்குப் புது உயிர் கிடைக்கும். வருகிறவர்களிடம் பேசுவது மாமாவின் வேலை, செம்புக் கம்பியைச் சுற்றுவது அத்தையின் வேலை. சுற்றிக்கொண்டே அத்தை ஊர்க்கதை பேசுவாள், தொலைபேசியில் சண்டை போடுவாள், என் தலையில் பேன் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பாள். ஆனால் எண்ணிக்கை மட்டும் தவறாது. அத்தை எண்ணினால் எண்ணினதுதான் என்று அந்தத் தெருவே சொல்லும்.

எனக்குப் பதினொரு வயதானபோது, சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா ரிமோட்டில் ஓடும் ரேஸ் கார்கள் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று எனக்கு, ஒன்று அத்தை மகனுக்கு. பொம்மை என்று நினைத்துக் கையில் வாங்கியவள், அது பாய்ந்த வேகத்தைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டேன். அதன் மோட்டாரோ என் உள்ளங்கையில் அடங்கிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று சித்தப்பாவைக் குடைந்து எடுத்தேன். அத்தை கட்டுகிற அதே செம்புக் கம்பிதான் என்றார். நடுவில் சுழலும் இரும்புக்கு மூன்று கை, கைக்கு இருபத்தேழு சுற்று. சுற்றைக் குறைத்தால் வேகம் கூடும், கரண்டையும் கூடுதலாக இழுக்கும். அதனால் பந்தயத்தில் யாரும் மோட்டாரைப் பிரிக்கக் கூடாது என்றார்.

பிரிக்காமல் செய்கிற வேலைகள் சட்டப்படி சரி. அவற்றில் ஒன்றைப் பார்த்து அத்தை அதிர்ந்துபோனாள். சித்தப்பா ஒரு டம்ளர் தண்ணீரில் என் மோட்டாரை முழுக்கிவைத்து, சின்ன பேட்டரியைக் கொடுத்து ஓடவிட்டிருந்தார். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

"இன்னாடா தம்பி இது? தண்ணி பூந்த மோட்டார ஊரே எங்கிட்ட தூக்கினு வருது. நீ கெடுக்கிறதுக்குன்னே தண்ணில போட்டுக்கினு இருக்கிற."

உள்ளே இருக்கும் கார்பன் தேய்ந்து சரியாகப் படியத்தான் இந்தக் குளியல் என்று சித்தப்பா விளக்கினார். அத்தை நம்பவில்லை. மோட்டாரை எடுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டபோது அது முன்னைவிடச் சீராகப் பாடியது. அதற்கு அப்புறமும் அத்தை நம்பவில்லை.

கோடை விடுமுறையில் சின்னசேலம் சாலையில் ஒரு ஜவ்வரிசி மில்லின் களத்தைச் சித்தப்பா ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினார். ஜவ்வரிசி காயவைக்கிற சிமெண்டுத் தரை, பரந்து கிடந்தது. சுண்ணாம்பில் கோடு போட்டு, வளைவுகளில் செங்கல் அடுக்கினோம். கார் வைத்திருந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர, ஆறு கார்கள், ஆறு பிள்ளைகள். முதலில் வருகிறவரைக் கோயம்புத்தூரில் நடக்கும் பெரிய பந்தயத்துக்குச் சித்தப்பா கூட்டிப்போவார். ஒருவரைத்தான் கூட்டிப்போக முடியும். நான் அதுவரை சேலத்தைத் தாண்டியதில்லை. அந்த ஒருவர் நானாக இல்லாவிட்டால் செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன்.

ஜெயித்தவரின் மோட்டாரை மேசையில் வைத்து மீட்டரில் பார்க்க வேண்டும். சும்மா சுற்றும்போது இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அந்தக் கார் அவுட்டு. அப்புறம் இரண்டாவதாக வந்தவரின் மோட்டார் மேசைக்கு வரும். சோதிக்க வருவதாகச் சொன்ன சித்தப்பாவின் நண்பர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். புளிச்சோற்று அடுக்கோடு வந்திறங்கிய அத்தையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

"எம்புள்ளயும் ஓட்றான். நான் எப்பிடி பாக்குறது? வேற யாரயாச்சும் பாருங்க."

இப்படிச் சொன்னதுதான் தாமதம், இவ்வளவு நேர்மையான ஆளை விடலாமா என்று பெற்றோர் எல்லோரும் சேர்ந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

பந்தயம் தொடங்கியதும் அத்தை மகனின் கார் பறந்தது. நேர்க்கோட்டில் அவனை யாராலும் நெருங்க முடியவில்லை. ஆனால் வளைவுக்கு வளைவு செங்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. அவனுக்கு நிதானம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். கடைசிச் சுற்றிலும் அவன் கவிழ, நான் முதலாவது, அவன் இரண்டாவது.

அத்தை என் மோட்டாரைக் கழற்றி மீட்டரில் மாட்டினாள். முள் இரண்டைத் தாண்டிப்போய் நின்றது.

"ஜாஸ்தி காட்டுது பாரும்மா. அவ அவுட்டு," என்று அத்தை மகன் குதித்தான்.

அத்தை அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடங்கிவிட்டான். "சும்மா இர்ரா. ஓடி வந்த சூட்டுல எந்த மோட்டாரும் ஜாஸ்திதான் இழுக்கும். ஆறட்டும்."

"யாரு ஜெயிச்சிருந்தாலும் இப்பிடி ஆற வெப்பீங்களாங்க?" என்று ஒரு பையனின் அப்பா கேட்டார்.

"வெப்பேன்."

சித்தப்பா யோசித்துவிட்டு, அக்கா சொல்வது சரிதான் என்றார். அத்தை மோட்டாரை நிழலுக்குக் கொண்டுபோய், புள்ளி எழுதிய நோட்டால் விசிறினாள். கால் மணி நேரம் விசிறியிருப்பாள். நடுநடுவே தொட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை, அதைத் துடைக்கவும் இல்லை. மறுபடி மாட்டியபோது முள் இரண்டுக்குள் அடங்கி நின்றது.

"சரியா கீது. அவ்ளோதான், எல்லாரும் சாப்பிட வாங்க," என்று மீட்டரை மூடினாள் அத்தை.

கோயம்புத்தூருக்குப் போனேன். பதினெட்டுப் பேரில் பதினாறாவதாக வந்தேன், அது வேறு கதை.

போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போது கடையை அவன்தான் பார்க்கிறான். பேச்சு அந்தப் பந்தயத்துக்குப் போனது. "என் மோட்டார அம்மாதான் பிரிச்சி கட்டிக் குடுத்தாங்க," என்றான் பாயசத்தைக் குடித்துக்கொண்டே. "இருவத்திநாலு சுத்து. மூணு சுத்து கம்மியானா யாருக்குத் தெரியப்போவுதுன்னாங்க. அவுங்களயே சோதிக்க ஒக்கார வெப்பாங்கன்னு யாரு கண்டது?"

என் மோட்டார் தோற்றிருந்தால் அடுத்து மேசைக்கு வருவது அவனுடையது; எவ்வளவு ஆறினாலும் அதில் முள் இரண்டுக்குள் நிற்காது. அது அவனுக்கே அன்று உறைக்கவில்லை. மகனை ஜெயிக்கவைக்கக் கம்பி சுற்றிய கை, அவன் தோற்கட்டும் என்று கால் மணி நேரம் விசிறியிருக்கிறது. அந்தக் களத்தில் என் வெற்றியை என்னைவிட அதிகமாக வேண்டிக்கொண்டது அத்தைதான். அன்று நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோது அவள் அழுதாள். அத்தைக்கு அவள் பிள்ளையைவிட என்னைத்தான் பிடிக்கும் என்று அந்த விடுமுறை முழுக்க எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.