போதும் என்று சொல்லத் தெரிந்தவர்

கணவர் கடைசி வாயை மென்றுகொண்டிருக்கும்போதே அம்மணியின் கை தட்டுக்கு வந்துவிடும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்பார் மனிதர். "வேணாம், போதும். அப்புறம் நெஞ்சைக் கரிக்குதுன்னு என்கிட்டதான் வருவீங்க." பதில் சமையலறையிலிருந்து வரும், தட்டு அதற்குள் நனைந்திருக்கும். "அம்மா பத்து மாசம் முழுசா வயித்துல இருந்திருக்க மாட்டாங்க. போதும்னு அவங்களே வெளிய வந்திருப்பாங்க" என்று மகள் கேலி செய்வாள். அம்மணி மறுப்பதில்லை. உண்மையிலேயே எட்டாம் மாதத்தில் பிறந்தவர்.

நகரத்தின் பெரிய கலைக்கூடத்துக்கு இன்று அவர்தான் இயக்குநர். மூக்கு நுனியில் கண்ணாடி, கைப்பையில் ஓர் அளவு நாடா. போகிற போக்கில், பேச்சை நிறுத்தாமலே, கோணலாகத் தொங்கும் படத்தைச் சுண்டுவிரலால் நிமிர்த்திவிடுவார். கூட்டத்தில் காரியம் முடிவான நிமிஷமே எழுந்துவிடுவார். பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் தொங்குவார். படங்களுக்குக் கீழே ஒட்டும் குறிப்பை யார் எழுதிக் கொண்டுவந்தாலும் கடைசி வரியை அடித்துவிடுவார். "அதான் சொல்லியாச்சே, இது எதுக்கு?" சில சமயம் அடிபட்ட வரிதான் நல்ல வரியாக இருக்கும். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்தக் குணத்தை வளர்த்துவிட்டது ஓர் ஓவியரின் ஸ்டூடியோ. கணக்கும் தட்டச்சும் படித்த பெண்ணாக வேலை கேட்டுப் போனபோது ஓவியர் கேட்டது ஒரே கேள்வி. "உனக்கு வரையத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"அப்ப நாளைக்கே வந்துடு."

தொலைபேசிக்குப் பதில் சொல்வது, கான்வாஸ் வாங்குவது, வண்ணம் கரைக்கும் டெர்பன்டைன் டப்பாவை அடுப்பிலிருந்து தள்ளிவைப்பது, ஓவியர் தூரிகையை முக்கும் முன் டீக் கோப்பையை நகர்த்திவிடுவது. வேலை என்னவோ இவ்வளவுதான். ஆனால் ஓவியருக்கு ஒரு வியாதி இருந்தது. நிறுத்தத் தெரியாது. அருமையாக வந்த படத்தின் மேல் தீட்டித் தீட்டி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காக்கிவிட்டு, அதன் முன்னாலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். "நேத்து என்னமா இருந்துச்சு" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். ஜன்னலோரம் ஒரு பெண் நிற்கும் படம் அப்படித்தான் கரியாகப் போயிற்று. அன்று அம்மணிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த படத்தின்போது, ஓவியர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அதைத் தூக்கி உள்ளறையில் வைத்துப் பூட்டினார். ஸ்டாண்டில் வெறும் கான்வாஸ் ஒன்றை ஏற்றினார். வேலை போய்விடும் என்று கைப்பையைக்கூட எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். கையைத் துடைத்தபடி ஓவியர் வந்தார்.

"எங்க அது?"

"போயிடுச்சு சார்."

ஸ்டாண்டைப் பார்த்தவர், புதுக் கான்வாஸில் கோடு இழுக்கத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதற்குப் பிறகு அந்த ஸ்டூடியோவிலிருந்து வெளியே போன நல்ல படங்கள் எல்லாம் அம்மணி தூக்கியவை. ஓவியர் அவருக்கு வைத்த பெயர் பருந்து.

படம் முடிந்தது எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார். "நான் படத்தை எங்க பாத்தேன், அவரு காலைப் பாப்பேன். வேலை நடக்கும்போது முன்னயும் பின்னயும் போய்ட்டு வருவாரு. முடிஞ்சிட்டா ஒரே இடத்துல நின்னுடுவாரு. அதுக்கு மேல தீட்டறதெல்லாம் பயத்துல தீட்டறது."

படம் வாங்க வந்த கலைக்கூடத்தார் ஒருநாள் படத்தோடு இவரையும் கேட்டார்கள். அம்மணி தயங்கினார். "போம்மா. என் ஒருத்தன்கிட்ட பறிச்சது போதும்" என்று அனுப்பிவைத்தவர் ஓவியர்தான். படங்களை அடுக்கும் கிடங்கில் தொடங்கி, கண்காட்சிப் பொறுப்பு, துணை இயக்குநர் என்று படிப்படியாக ஏறினார். யாரையும் காக்காய் பிடிக்காமல் இயக்குநர் நாற்காலிக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஏறின பிறகும், சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூடியோப் பக்கம் எட்டிப் பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை. பருந்துக்கு அங்கே வேலை இருந்தது.

இப்போது ஓவியரின் வாழ்நாள் படங்களையெல்லாம் திரட்டி ஒரு கண்காட்சி. கடைசிச் சுவர் அவருடைய கடைசிப் படத்துக்கு என்று ஒதுக்கியாயிற்று. அழைப்பிதழிலும் அதைப் போட்டாயிற்று. படம் மட்டும் வந்தபாடில்லை. ஓவியருக்கு இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, நடுங்கும் கையை மறுகையால் பிடித்துக்கொண்டு தீட்டுகிறார். "நீங்க போனா குடுத்துடுவாரு. வரலைன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார் கலைக்கூடத்தின் தலைவர். ஓவியரின் மனைவி தொலைபேசியில் வேறொன்று சொன்னார். "அடுத்த படம்னு ஒண்ணு அவரால ஆரம்பிக்க முடியாதும்மா. இதையும் தூக்கிட்டுப் போயிட்டா, காலையில எதுக்கு எழுந்திருப்பாரு?"

அம்மணி வண்டியோடும், படத்தைப் பொதிந்து கட்டும் ஆட்கள் இருவரோடும் போய் இறங்கினார். ஓவியரின் கால்கள் கம்பளிக்குள் இருந்தன. வேறு வழியில்லாமல் அம்மணி படத்தைப் பார்த்தார். ஆளில்லாத ஓர் அறை, தரையில் வெயில். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவர் தூக்கிய எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. எங்கே கை வைத்தாலும் கெட்டுவிடும்.

"பருந்து வந்துடுச்சா" என்றார் ஓவியர். பிறகு, ஒருநாளும் கேட்காததைக் கேட்டார். "நீயே சொல்லு. முடிஞ்சிடுச்சா?" கேட்டவர் தூரிகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மணி வாசலுக்குப் போனார். "வண்டியை எடுத்துட்டுப் போங்க. சுவர் காலியாவே இருக்கட்டும். தலைவர்கிட்ட நான் பேசிக்கறேன்." ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்து நாற்காலியைப் படத்துக்குக் கொஞ்சம் கிட்டே தள்ளினார். "இன்னும் வேலை இருக்கு சார்."

ஓவியரின் முகம் மலர்ந்தது. "நானும் அதான் நெனச்சேன். எங்கன்னுதான் புடிபடல. எங்க, காட்டு."

அம்மணி குனிந்து, சட்டம் மாட்டினால் உள்ளே மறைந்துபோகும் கீழ் ஓரத்தை விரலால் காட்டினார்.