இஸ்திரிப் பலகையில் ஏறிய லாரி

ஊர் எல்லையில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு, லாரிக்காரர்கள் வைத்த பெயர் 'பத்துகிலோ'. ஆள் பருமன் என்று நினைத்துவிட வேண்டாம். பலமாகக் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் எடை காட்டும்; அதற்குக் குறைந்த எதுவும் அதன் கணக்கில் வராது. அனுமதித்த எடைக்கு மேல் ஒரே ஒரு பத்து கிலோ காட்டினாலும் இவள் அதை அப்படியே சீட்டில் அடித்து நீட்டிவிடுவாள். "பத்துகிலோதானேக்கா, கண்டுக்காம விடக்கூடாதா?" என்று கெஞ்சிக் கெஞ்சி அலுத்தவர்கள், கடைசியில் அதையே பெயராக வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள்.

கறாரான பொம்பளை என்று பேர். ஆனால் என்னைக் கேட்டால் ஆர்வக்கோளாறு பிடித்தவள் என்பேன். காலையில் போன லாரி, மாலையில் அதே சரக்கோடு திரும்பி வந்து எழுபது கிலோ கூடுதலாகக் காட்டினால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கேபினை விட்டு இறங்கி லாரியைச் சுற்றிச் சுற்றி வருவாள். நடுவில் பெய்த மழையைத் தார்ப்பாய் குடித்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அவளுக்கு டீ உள்ளே இறங்கும்.

கணவரையும் அந்த மேடையில்தான் கண்டுபிடித்தாள். மலைப்பாதையில் கல் ஏற்றி வரும் டிரைவர் அவர். "உன் மேடை நாற்பது கிலோ பொய் சொல்லுது" என்று சண்டைக்கு வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவரே மறந்துபோய்ப் போட்டு வைத்திருந்த ஜாக்கியையும் சங்கிலியையும் இவள் இழுத்து வெளியே போட்டாள். மறு வருஷம் கல்யாணம். வீட்டிலும் அவர் அவளைப் 'பத்துகிலோ' என்றுதான் கூப்பிட்டார். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

நான்கு மாதங்களுக்கு முன்னால் அவர் கண் கைவிட்டது. இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய்விட்டது. நேர் எதிரே, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, ஒரு சிறு வட்டம் மட்டும்தான் மிச்சம். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார் டாக்டர். முப்பது வருஷ லைசென்ஸ் ஒரு கையெழுத்தில் போயிற்று. கூட ஓட்டியவர்கள் விடைகொடுக்கக் கூடி, ஒரு பெட்டியைக் கையில் வைத்தார்கள். உள்ளே ரிமோட்டில் ஓடும் சிவப்பு லாரி, ஒரு சாண் நீளம். "இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்ணே!" என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அதை அலமாரியின் உச்சியில் தள்ளிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு 'உம்', 'சரி', 'வேண்டாம்' என்ற மூன்று சொல்லில் குடும்பம் நடந்தது. பத்துகிலோ என்ற பெயரை அவர் மறந்தே போனார்.

இந்த மனுஷன் என் கண்ணெதிரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறாரே என்று அவளுக்குப் பயம். கேபினில் தனியாக இருக்கும்போது அழுதும் பார்த்தாள். அழுது ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறியபோது அந்த லாரி கண்ணில் பட்டது. எடுத்தாள், துடைத்தாள். எடுத்ததை ஓட்டிப் பார்க்காமல் வைக்க அவளால் முடியுமா? சமையலறைத் தரையில் விட்டாள். விர்ரென்று ஓடி, வாசற்படி நிலையில் முட்டி நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கிடந்தது. இரண்டு விரல் உயரம்தான் அந்த நிலை. மோட்டாருக்குத் தெம்பிருக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, பிறகு ஏன் ஏறவில்லை? கேள்வி வந்துவிட்டது. இனி அவளைப் பிடித்து நிறுத்த முடியாது.

மறுநாள் லாரியைப் பையில் போட்டு வேலைக்கே கொண்டுபோனாள். மேடை காலியாக இருந்த நேரத்தில் அதன் நடுவே வைத்துவிட்டு ஓடிவந்து திரையைப் பார்த்தாள். பூஜ்யம். வீட்டையே நான்கு மாதமாக அழுத்திக்கொண்டிருக்கிற பொருளுக்குப் பூஜ்யம்! அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

ரிமோட் வண்டிகளுக்கென்றே ஒரு கடை, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரருக்கு வாய் ஓயாது. "டயரைத் தொட்டுப் பாருங்கக்கா, கட்டை மாதிரி இருக்கு. இது எப்படிப் படியைக் கவ்வும்? இந்த மெத்து டயரைப் போடுங்க. ஸ்பிரிங்கும் ரொம்ப விறைப்பு, கொஞ்சம் தொய்வா மாத்துங்க. சக்கரத்துக்குள்ள மாட்டறதுக்குப் பித்தளை வளையம் ஒரு ஜோடி வச்சுக்கோங்க, எடைக்கு ஆகும்." போகிற போக்கில், கூரைமேல் மாட்டும் இரும்பு கேரியர் ஒன்றையும் தலையில் கட்டினார். அதில் நான்கு குட்டி விளக்குகள் எரிந்தன. அழகுக்கு மயங்கி அதையும் வாங்கிக்கொண்டாள்.

டயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, கூரையில் கேரியரையும் மாட்டியதும் லாரி நிலையைத் தாண்டியது. தாண்டிய லாரி அவளைப் பார்த்து 'அடுத்து என்ன?' என்று கேட்பதுபோல நின்றது. இஸ்திரிப் பலகையைக் கொண்டுவந்து ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் குட்டை ஸ்டூலிலும் வைத்தாள். ஸ்டூலின்மேல், பலகைக்கு அடியில், தடிப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஏற்றத்தைக் கூட்டினாள். எட்டுப் புத்தகம் வரை லாரி ஏறியது. ஒன்பதாவதில் மூக்கைத் தூக்கி மல்லாக்க விழுந்தது. நோட்டில் குறித்துக்கொண்டாள்: எட்டு.

இங்கேதான் அவளுடைய இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவளைக் குப்புறத் தள்ளியது. மேசைமேல் இரண்டு சமையலறைத் தராசுகளை வைத்து, முன் சக்கரங்களை ஒன்றிலும் பின் சக்கரங்களை மற்றொன்றிலும் நிறுத்தினாள். முன்னால் முந்நூற்று இருபது கிராம், பின்னால் இருநூற்று அறுபது. "பாரம் ஒரு பக்கமா கிடக்கே, அப்புறம் எப்படி ஏறும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு, பித்தளை வளையம் இரண்டையும் பின் சக்கரங்களில் மாட்டினாள். ஒவ்வொன்றும் முப்பது கிராம். இப்போது முன்னும் பின்னும் முந்நூற்று இருபது. ஒரு கிராம் பிசகு இல்லை. எந்த எடைமேடைக்காரி பார்த்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

லாரி ஆறாவது புத்தகத்திலேயே விழுந்தது.

மறுபடி எடை போட்டாள், சரி. மறுபடி ஏற்றினாள், விழுந்தது. கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது வண்டி ஏன் மோசமாகிறது? பல் துலக்கும்போதும் இதே யோசனை, சீட்டு அடிக்கும்போதும் இதே யோசனை. ஒரு மணல் லாரிக்கு டன்னுக்குப் பதில் கிராம் என்று அடித்துக் கொடுக்க, டிரைவர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மாலை லாரி விழுந்து, உருண்டு, ஜன்னலோர நாற்காலியின் காலில் மோதியது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இதைத் தூக்கி வெளிய எறி. என்னைக் கேலி பண்ண அவங்க குடுத்தது. நீயும் அதையே வச்சு என் முன்னாலயே ஆடிட்டிருக்க."

நான்கு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே, பேசினாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கேலி பண்ணவங்களைப் போய்த் திட்டுங்க. இது என்ன பண்ணிச்சு உங்களை? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. பத்துப் புத்தகம் ஏறலைன்னா கொண்டுபோய்க் கடையிலயே குடுத்துடறேன். அப்புறம் நீங்க உண்டு, உங்க ஜன்னல் உண்டு."

"சரி" என்றார் அவர். பழைய மூன்று சொல்லில் ஒன்று.

சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லதோ கெட்டதோ, அவருடையது என்று இந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே லாரி அதுதான். அதையும் கொடுத்துவிட்டால் இந்த மனுஷனை நாற்காலியிலிருந்து எழுப்ப இனி எதை வைத்துக்கொண்டு முயற்சி செய்வது? ஆனால் அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். தன் வார்த்தைக்கும் பத்து கிலோ சலுகை தராதவள்.

ஞாயிறு காலை முழுக்க லாரி விழுந்தது. ஸ்பிரிங்கை இறுக்கினாள், விழுந்தது. தளர்த்தினாள், விழுந்தது. மதியம் கைசோர்ந்து தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் தேடி எடுத்து லாரியை உள்ளே வைக்கப் போனாள்.

"எங்க வச்சு எடை போட்ட?" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"மேசைமேல."

"விழறது மேசைமேலயா?"

அவள் திரும்பித் தராசுகளைப் பார்த்தாள். எடைமேடை என்றாலே சமதளம். மேடை ஒரு விரல் சாய்ந்தாலும் ஆள் வந்து சரிபண்ணுகிற வரைக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். ஆயிரக்கணக்கான லாரிகளை எடை போட்டிருக்கிறாள்; அத்தனையும் சமதளத்தில். மேட்டில் ஒரு லாரிக்கு என்ன ஆகும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அதைப் பார்த்தவர் அந்த நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்!

பாய்ந்து எழுந்தாள். முன் சக்கரத் தராசுக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்தாள். முன்னால் எண் இறங்கியது, பின்னால் ஏறியது. இன்னொரு புத்தகம், இன்னும் இறங்கியது. வண்டி அசையவே இல்லை, பாரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

"ஏங்க, முன்னால வெறும் நூத்தி அறுபதுதான் நிக்குது! பாதி பின்னால போயிடுச்சு!" என்று கத்தினாள்.

"போகாம? மலை ஏறும்போது லோடு மொத்தமும் முதுகுல வந்து உக்காரும். முன் சக்கரம் காத்துல மிதக்கற மாதிரி ஸ்டீயரிங் லேசாயிடும். நீ பின்னால வேற பாரத்தைக் கட்டிவிட்டிருக்க." நாற்காலி கிரீச்சிட்டது. தடவித் தடவி மேசைக்கு வந்தார். லாரியைக் கையில் எடுத்து மேலும் கீழும் தடவினார். விரல் கூரையில் நின்றது. "இது என்ன?"

"கேரியர். லைட் எரியும்."

"இரும்புல தலைச்சுமை! இவங்கதான் ஊர்ல லாரிக்கெல்லாம் எடை போடறவங்க!"

திட்டுதான். அவளுக்கோ காது குளிர்ந்தது. கேரியரைக் கழற்றினாள். வளையங்களை முன் சக்கரங்களுக்கு மாற்றினாள். நடுவில் இருந்த பேட்டரியை அவர் சொன்னபடி மூக்குப் பக்கம் தள்ளிக் கட்டினாள். மேசைமேல் வைத்து எடை பார்த்தால் கண்கொண்டு பார்க்க முடியாத அலங்கோலம்: முன்னால் நானூறு, பின்னால் இருநூறு. ஸ்டூலில் பத்துப் புத்தகம் அடுக்கி, ரிமோட்டைப் பிடித்து அழுத்தினாள். லாரி துள்ளிப் பாய்ந்து, பாதியில் மூக்கைத் தூக்கிச் சரிந்தது.

"மேட்டுல இப்படியா மிதிப்பாங்க?" என்று அவர் பதறினார். சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு மிதிக்கத் தெரியாது. நீங்களே ஓட்டுங்க."

"வேண்டாம்."

"நான் எடை போடறவ. ஓட்டறது உங்க வேலை." ரிமோட்டை அவர் கையில் திணித்துவிட்டு, லாரியைப் பலகையின் அடியில் வைத்தாள். இதிலும் விழுந்தால் சொன்ன சொல்லுக்குப் பெட்டியை மூட வேண்டும்.

அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். கண் போனதிலிருந்து எதைப் பார்ப்பதானாலும் அப்படித்தான் தேடுவார். பலகை தெரிந்தது, அதன் ஓரமாகப் பார்வையாலேயே கீழே வந்தார், லாரியிடம் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். விரல் அசையவில்லை.

"என்னங்க?" என்றாள் பயந்துபோய்.

"முழுசா தெரியுது." என்றார் அவர். "பெரிய லாரியில இந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தா அந்தப் பக்கம் இருக்காது. ரோட்டைப் பார்த்தா ஓரம் இருக்காது. கடைசி ரெண்டு வருஷம் பாதி லாரியைத்தான் ஓட்டினேன், யார்கிட்டயும் சொல்லல. இது மொத்தமும் வட்டத்துக்குள்ள இருக்கு. நாலு சக்கரமும் தெரியுது."

இரண்டு வருஷம். பத்து கிலோ கூடினால் கண்டுபிடிக்கிறவள், பக்கத்தில் படுத்திருந்த ஆளின் பாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லாரி நகர்ந்தது. பாயவில்லை. டயர் பலகைத் துணியைக் கவ்வி, ஒவ்வொரு சுற்றாக, மோட்டார் ஒரே சீராக முனக, மலைப்பாதையில் முழு லோடோடு போகிற வண்டியின் நிதானத்தில் ஏறியது. பாதியில் மூக்கு லேசாகத் தூக்கியது. அவர் விரலைத் தளர்த்தினார், மூக்கு தணிந்தது, மீண்டும் ஏறியது. உச்சியில், கடைசிப் புத்தகத்தின்மேல், நான்கு சக்கரத்தையும் ஊன்றி நின்றது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் தேடினாள். பத்து என்று எழுத வேண்டும்.

அவர் லாரியிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பத்துகிலோ, இன்னொரு புத்தகம் வை."