உள்ளே போன தண்ணீர்

பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் பைபர்காரர் ஓட்டைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஓட்டை தெரிந்தால் சுற்றிலும் தேய்ப்பார், கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைப்பார், ரெசின் பூசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஆனால் தங்கை புருஷனின் படகு கொட்டகைக்கு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கசிவு பார்க்கும் முறை எளிது. படகைக் கட்டைமேல் ஏற்றி, வெளிப்பக்கம் முழுக்க முகப் பவுடரைப் பூசி, உள்ளே தண்ணீர் ஊற்றுவார். பவுடர் நனைகிற இடம்தான் ஓட்டை. முன்பக்க விரிசல் அப்படித்தான் அகப்பட்டது, அடைத்தாயிற்று. இன்று மறுபடி ஊற்றிப் பார்த்தார். பவுடர் எங்குமே நனையவில்லை. ஆனால் உள்ளே பென்சிலால் போட்ட கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. வெயில் குடித்திருக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். கொட்டகைக்குள் ஏது வெயில்?

நாளைக் காலையில் தங்கையும் அவள் கைக்குழந்தையும் இதில்தான் அக்கரைக்குப் போக வேண்டும்.

அவர்களையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையே வந்துவிட்டார்.

"என்ன மச்சான், படகுக்கு இன்னும் மேக்கப் முடியலையா?"

"இல்ல மாப்பிள்ளை, தண்ணி கொஞ்சம் குறையுது."

"வெளிய வருதா?"

"வரல."

"அப்புறம் என்ன? வராத நோவுக்கு வைத்தியம் பாக்கறீங்களே!"

தங்கை சிரிக்கவில்லை. பைபர்காரர் மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொன்னதே கிடையாது. ஒருமுறை இவர் போனை எடுக்கத் தாமதமானதற்கே மாப்பிள்ளை மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அந்த முகத்தோடு வீட்டில் குடித்தனம் நடத்தியவள் தங்கைதான்.

பைபர்காரர் விரலை மடக்கிப் படகின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் டொக்கென்றது. நடு இருக்கைக்கு நேர் கீழே மட்டும் மொத்தென்றது. அந்த இருக்கை ஒரு மூடிய பெட்டி. படகுக்குள் தண்ணீர் ஏறினாலும் மூழ்காமல் மிதக்கவைப்பது அதற்குள் இருக்கும் தெர்மாகோல்தான். படகுக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, புதிதாக ஒரு பலகை திருகாணி போட்டு முடுக்கியிருந்தது.

"இது யாரு போட்டது?"

"நான்தான். உங்க தங்கச்சி காலை ஊனிக்கட்டுமேன்னு."

'நாளைக்கு வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தவர், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கையால் சுற்றுகிற ட்ரில்லை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் நுழைந்தார்.

"மச்சான்! நல்ல படகுல ஓட்டை போடறீங்களா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

பைபர்காரர் ட்ரில்லைச் சுற்றினார். வெள்ளைத் தூள் முகத்தில் கொட்டியது. ட்ரில் உள்ளே இறங்கிவிட்டது, உருவினார். ஒன்றும் வரவில்லை. தங்கையின் செருப்பு ஓரடி நெருங்கி வந்தது.

அப்புறம் ஒரு சொட்டு. அதன் பின்னால் ஒரு தெர்மாகோல் மணி. அதற்கப்புறம் அழுக்கு நிறத்தில் நாற்றத்தோடு தண்ணீர் கொட்டத் தொடங்கியது. வாளி நிரம்பியது, இன்னொன்று வைத்தார். நிற்கிற வழியாய் இல்லை.

மாப்பிள்ளை திருகாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "காய எத்தனை நாளாகும்?"

"காயாது. திருகாணி ஓட்டை வழியா தண்ணி போய் தெர்மாகோல் ஊறிப்போச்சு, இனி மிதக்காது. வெட்டித் திறந்து மாத்தணும். நாளைக்கு முடியாது, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

தங்கை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "வழி பூரா என்னைத்தான் திட்டுவாரு. திட்டட்டும்ணா. நீ வாளிய மாத்து, வழியுது பாரு."