ராசிக்காரி வாங்கிய கத்தி

அந்த நர்சரியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளியில் இருந்து மண் அள்ளுகிற ஆள் வரைக்கும் அவள் ராசிக்காரிதான். ஒட்டுச்செடி கட்டுவது அவள் வேலை. விதையில் முளைத்த மாங்கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவே பிளந்து, நல்ல ஜாதி மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். வெட்டும் வெட்டும் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் உயிர் பிடிக்கும், சில வாரத்தில் துளிர் விடும். இல்லாவிட்டால் குச்சி கருத்துப் போகும். அவள் கட்டியது கருத்ததே இல்லை என்று சொல்லலாம். "அவ தொடப்பக்குச்சியைக் கட்டினாலும் துளிர்க்கும் சார்" என்று முதலாளி செடி வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கேட்கக் கேட்க அவளுக்கு உச்சி குளிர்ந்து போகும். ஏன் குளிராது? வேறு யார் அவளை எதற்குப் புகழ்ந்தார்கள்? உண்மையில் அவள் வேலை தெரிந்தவள். எந்தக் குச்சி முற்றல், எது பிஞ்சு, கத்தி எங்கே இறங்கி எங்கே வெளியே வர வேண்டும், எல்லாம் அவள் விரலுக்கே தெரியும். ஆனால் யாராவது எப்படிக்கா என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். "என்ன பெரிய வித்தை? எல்லாம் கைராசிதான்" என்று சொல்லி நாடாவை வெடுக்கென்று இழுத்து முடிச்சுப் போடுவாள். வித்தையைச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கே இன்னொருத்தி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாளே! ராசியை யார் வந்து கற்றுக்கொள்ள முடியும்? கெட்டிக்காரத்தனம்தான்.

எதிர் நாற்காலியில் முன்பு நெட்டை அண்ணன் இருந்தார். நிழல் வலைக்கு அடியில் ஒரே நீள மேஜையில் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கட்டியவர்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு பருவத்தில் திடீரென்று அவர் கட்டிய செடிகள் வரிசை வரிசையாகக் கருகின. முதலாளி மண்ணைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் ராசிக்காரியின் முகத்தைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அண்ணனுக்கு இப்போ கை சரியில்ல முதலாளி. கொஞ்ச நாள் வேற வேலை குடுத்துப் பாருங்களேன்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று பிற்பாடு தன் புருஷனிடம் சொன்னாள். அவர் மூட்டை தூக்கப் போனார், கொஞ்ச நாளில் வேலையை விட்டே போனார்.

அவளுடைய சொந்தக் கத்தி தொலைந்தது அதற்கு அடுத்த வருஷம். மண்ணும் எருவும் கலக்குகிற குவியலில் எப்படியோ விழுந்து, செடிப் பையில் நிரம்பி, யார் வீட்டுச் செடியோடோ லாரி ஏறிவிட்டது. ஒட்டுக் கட்டுகிற கத்தி கடையில் கிடைக்கிற காய் நறுக்கும் கத்தி இல்லை. ஒரு பக்கம் தட்டையாக, ஒரு பக்கம் மட்டும் தீட்டியதாக, மடக்கிச் சட்டைப்பையில் போடுகிற மாதிரி இருக்க வேண்டும். புதிதாகச் சொல்லி வரவழைக்க நாளாகும். பருவம் காத்திருக்காது. நெட்டை அண்ணனிடம் ஒன்று சும்மா கிடக்கிறது என்று நினைவு வந்தது. அவர் இப்போது ஒரு அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருந்தார்.

கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். மரப்பிடி, வெளிநாட்டுச் சரக்கு. அவள் திறந்து மூடிப் பார்த்தாள், முழங்கை ரோமத்தில் வைத்து வழித்துப் பார்த்தாள். அப்படியே வழுக்கிக்கொண்டு போனது.

"இதுலதான் நான் கடைசியா கட்டினேன். தெரியுமில்ல?" என்றார்.

"கத்தி என்னண்ணே பண்ணும், பாவம்? பிடிக்கிற கையில இருக்கு."

அவர் அவள் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். ஏமாளி மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பருவத்தில் அவள் கட்டிய செடிகளில் பாதி கருகின.

முதல் தடவை வெயில் என்றார்கள். இரண்டாம் தடவை குச்சி சரியில்லை என்று அவளே சொல்லி, வேறு மரத்தில் தானே ஏறி வெட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் தடவையும் பாதி கருகியது. பைகளில் மண் நிரப்புகிற பெண்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "ராசி போயிடுச்சு போல" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தால், கேட்க என்ன இருக்கிறது? அவளே ஊரெல்லாம் தட்டிய தம்பட்டம்தானே! தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கையால் சோற்றைத் தொடவே கசந்தது.

முதலாளி நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் தண்ணி ஊத்திக்கிட்டு இரும்மா. கை திரும்பட்டும்." மேஜைக்கு இந்தப் பக்கமும் காலியானது. அவள் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள்.

உண்மை தெரிந்தது துணி சோப்பில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயர் கடையில் வேலை செய்கிற அவள் புருஷன், கருப்பு அப்பிய கையோடு வந்து சோப்பு கேட்டான். நீளக் கட்டியை இரண்டாக வெட்டிக் கொடுத்தாள். கையில் அகப்பட்டது அந்த மடக்குக் கத்திதான். அவன் இரண்டு துண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து விளையாட்டாக ஆட்டினான். "என்னடி இது, கால் ஒடிஞ்ச நாற்காலி மாதிரி நொண்டுது? ராசிக்காரிக்கு சோப்பு கூட நேரா வெட்ட வரலையா?"

அவள் பிடுங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கத்தியை மறுபடி சோப்பில் வைத்து அழுத்திப் பார்த்தாள். அழுத்தும்போது மட்டும் அலகு ஒரு மயிரிழை சாய்ந்தது, கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. புருஷன் பிடியைக் கழற்றினான். உள்ளே, அலகைப் பிடியோடு பிணைக்கிற ஆணி போகிற தகடு நெடுக விரிசல் விட்டிருந்தது. மரப்பிடி அதை மூடி மறைத்திருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆத்திரம் முந்திக்கொண்டது. நேரே அடுக்குமாடி வாசலுக்குப் போய்த் தகட்டை நெட்டை அண்ணன் முன்னால் நீட்டினாள். "தெரிஞ்சே என் தலையில கட்டிட்டீங்களேண்ணே! நீங்க நல்லா இருப்பீங்களா?"

அவர் தகட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சத்தியமா தெரியாதும்மா. கத்தி கெட்டுதா, கை கெட்டுதான்னு தெரியாமத்தான் இந்த நாற்காலியில உக்காந்திருந்தேன். நீ வந்து கேட்ட. சரி, ராசிக்காரி கட்டித் துளிர்த்தா என் கைதான் மோசம்னு ஒத்துக்குவோம்னு குடுத்தேன்."

"சோதிச்சுப் பாக்க உங்களுக்கு நான்தானா கிடைச்சேன்?"

"வேற யார் கையை நம்புறது?" என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பாவி மனுஷன், இத்தனை நாள் கழித்து அவள் செலவில் வந்த தெளிவு! திட்ட வந்ததை விட்டுவிட்டு, "முதலாளிகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கேட்டாள்.

"நான் சொன்னா கை சரியில்லாதவன் கத்தியைக் குறை சொல்றான்னு சிரிப்பாரு. நீயே சொல்லு. என்னையும் சேத்துச் சொல்லு."

சேர்த்தே சொன்னாள், அதை மறைக்கக் கூடாது. மறுநாள் காலை முதலாளியின் மேஜையில் தகட்டை வைத்து, அண்ணன் கையிலும் குற்றமில்லை, தன் கையிலும் குற்றமில்லை, எல்லாம் இந்தக் கத்திதான் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். இப்போதே போய் மேஜையில் உட்காரு என்பார் என்று நின்றாள்.

அவர் தகட்டை விரலால் தட்டினார். "அப்போ ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல?"

"கத்திதான் முதலாளி."

"கை போச்சுன்னா உன்னை உக்கார வைக்க முடியாது. கத்திதான் எல்லாம்னா, உன்னைத்தான் உக்கார வைக்கணும்னு என்னம்மா இருக்கு?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்தார். கத்தி நன்றாக இருந்தாலும் அதைப் பிடிக்கத் தெரிய வேண்டும், எனக்குத் தெரியும், கஷ்டப்பட்டுக் கற்றேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத பேச்சு, அன்றைக்கு எங்கிருந்து வரும்?

புதுக் கத்திகள் வந்தன. பை நிரப்புகிற பெண்களில் நாலு பேர் மேஜையில் உட்கார்ந்தார்கள். ராசி போயிடுச்சு என்று சொன்னவளும் அதில் ஒருத்தி. அவர்கள் கட்டியதில் பாதி துளிர்த்தது, பாதி கருகியது. முதலாளி ஒவ்வொரு துளிராகத் தொட்டுப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். "முதல் தடவையே பாதி பிடிச்சிடுச்சே! பரவாயில்லையே!" என்றார். அவள் குழாயைத் திருப்பிக் கருகியவற்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள்.