ஒரு மணிக்குள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வாய்த்தவர் அரை நாள் அப்பா. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை அவர் எனக்கு அப்பா. மற்ற நேரங்களில் அவர் மலாக்காவில் ஏதோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். நானும் அம்மாவும் அலோர் காஜாவில் பெரிய மாமா வீட்டில் இருந்தோம். யார் யாரை விட்டுப் பிரிந்தார்கள், எதற்காகப் பிரிந்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால், பெரியவங்க விஷயம் என்றார்கள். அந்தப் பெரியவங்க விஷயத்தில் பாதி நான்தான் என்பது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

எட்டு மணி, ஒரு மணி என்று வகுத்தவர் பெரிய மாமா. அம்மாவின் மூத்த அண்ணன், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் காலைப் பசியாறலுக்குக்கூட அவரிடம் ஒரு நேரம் உண்டு. என்னை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு மலாக்காவில் நடந்துகொண்டிருந்தது; தீர்ப்பு வரும்வரை இந்த ஏற்பாடு. வழக்குக்கு முன்பு அப்பாவை 'மாப்ள, மாப்ள' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், வழக்குக்குப் பிறகு 'மிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த மிஸ்டரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

"ஒரே ஒரு தடவ லேட்டானாலும் நேரா கோர்ட்ல சொல்லிருவேன், மிஸ்டர். அப்புறம் புள்ளயக் கண்ணால பாக்க முடியாது."

எனக்கு அது உறைக்கவில்லை. ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் டிவியை விற்றுவிடுவேன் என்றுதான் மாமா சொல்வார். டிவி பாட்டுக்குக் கூடத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா ஒரு வாகனப் பட்டறையில் வேலை செய்தார். அவருடைய முதலாளி, மலாக்காவுக்கு வரும் வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகளை ஃபோர்வீல் வண்டியில் ஏற்றிச் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் குலுக்கி, காட்டோடையில் குளிக்கவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் ஹோட்டலில் இறக்கிவிடும் தொழிலும் பார்த்தார். அதற்கு டிரைவர் அப்பா. சேற்றில் மாட்டிக்கொள்வதற்கென்று கப்பல் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. என்னை மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் பேரங்காடிக்கே அழைத்துப் போகிறீர்கள், நான் வெள்ளையாக இல்லை என்பதற்காகவா என்று கேட்டேன். அப்பா சிரித்தார். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு, கேட்டுக்கு வெளியே அந்த ஃபோர்வீல் வந்து நின்றது. டயரெல்லாம் செம்மண். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, பையில் மாற்று உடுப்பு வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் என்னை நிறுத்தி, என் தலைக்கு மேலே பேசுவார்கள்.

"ஒரு மணிக்குள்ள கொண்டாந்து விடணும்னு சொல்லு."

"வந்துருவோம்னு சொல்லு பாப்பா."

இரண்டு பேரும் ஒருவர் பேசியதை ஒருவர் நன்றாகக் கேட்டார்கள். நான் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆசஹான் பக்கம் தார்ச்சாலையை விட்டு வண்டி செம்மண் தடத்தில் இறங்கியதும் அப்பா வேறு ஆளானார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "குட் மார்னிங் மேடம், வெல்கம் டு த ஜங்கிள்" என்று ஆரம்பித்தார். சுற்றுப்பயணிகளுக்குச் சொல்லும் பேச்சு முழுவதையும் எனக்கு ஒருத்திக்காகச் சொன்னார். சீட் பெல்ட்டைப் பற்றி, அட்டையைப் பற்றி, கடைசியில் தண்ணீரைப் பற்றி. மேலே மலையில் மழை பெய்தால் கீழே ஒரு சொட்டு விழாமலேயே ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும், அதை இங்கே கெப்பாலா ஆயர் என்பார்கள். அது வருவதற்கு முன்னால் தண்ணீர் நிறம் மாறும். "வாட்டர் சேஞ்ச் கலர், நோ போட்டோ மேடம். ஜஸ்ட் ரன்!"

தடம் முழுக்க லாரிகள் கிழித்த பள்ளங்கள். ஒரு சரிவில் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இறங்கியது. என் பக்கத்துக் கண்ணாடியில் தரையே தெரியவில்லை, கீழே இருந்த செம்பனை மரங்களின் தலைகள்தான் தெரிந்தன. நான் கத்தினேன். கத்தி முடித்ததும் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டேன். பாலம் இல்லாத ஓர் ஓடையை வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கடந்தது. அப்போது சக்கரத்தில் பாதிகூட நனையவில்லை.

குளிக்கும் இடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. பாறைகளுக்கு நடுவே பச்சையாக ஒரு மடு. அப்பா கழுத்தளவு தண்ணீரில் நிற்பார். நான் அவர் தோளில் ஏறி நின்று குதிப்பேன். மூக்கில் தண்ணீர் ஏறும், இருமுவேன், மறுபடி ஏறுவேன். பேரங்காடியில் என்ன பேசுவது என்று தெரியாமல் என் ஐஸ்கிரீமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் இல்லை இவர். அம்மா பின்னிய சடை எப்போது அவிழ்ந்தது என்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பதினொன்றரைக்கு அப்பா, "போதும் பாப்பா, ஏறு" என்றார். இன்னும் அஞ்சு நிமிஷம் என்றேன். கொடுத்தார். இன்னும் அஞ்சு என்றேன். அதையும் கொடுத்துவிட்டு, குரலை மாற்றி, ஏறச் சொன்னார். நான் ஏறினேன். அவர் உடை மாற்றப் பாறைக்குப் பின்னால் போனார். அவருடைய தொப்பி ஒரு தட்டைப் பாறைமேல் கிடந்தது. தொப்பிக்குள் கடிகாரமும் வண்டிச் சாவியும்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். சாவி இல்லாவிட்டால் வண்டி போகாது, வண்டி போகாவிட்டால் சாயங்காலம்வரை இங்கேயே இருக்கலாம். என் புத்தி அதோடு நின்றது. சாவியை எடுத்துக்கொண்டு போய், கரையோர மரத்தின் வேரிடுக்கில் திணித்து, மேலே சருகைத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகத் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அப்பா சிரித்தார். "மேடம், ஒங்க டிரைவர் சாவியத் தொலச்சிட்டான்." தொப்பியை உதறினார். பையைக் கவிழ்த்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக உதறினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பாப்பா, சாவியப் பாத்தியா?"

"இல்லப்பா."

இந்த ஒரு சொல்லோடு திரும்பிப் போகும் வழி அடைபட்டது. அதுவரை அது விளையாட்டு, அதற்குப் பிறகு பொய். உண்மையைச் சொன்னால் பொய் சொன்னதற்கும் சேர்த்து வாங்கவேண்டும் என்று பயந்து இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் பாறை பாறையாகத் தடவினார். மணலைக் கையால் அரித்தார். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்தார். கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். அங்கே லைன் கிடையாது.

"கால்சட்டப் பையிலேயே இருந்து நீ குதிச்சப்ப தண்ணில விழுந்திருக்கும்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உடுத்திய உடையோடு மடுவில் இறங்கி முங்கினார்.

ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மேலே வந்து மூச்சு வாங்குவார், முகத்தை வழித்துக்கொள்வார், மறுபடி போவார். நான் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். தலைக்கு மேலே வெயில்தான் அடித்தது, ஆனால் மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அப்போதுதான் பார்த்தேன், பச்சையாக இருந்த மடுவின் மேல்கோடியில் தே தாரிக் தேநீரின் நிறத்தில் ஒரு கோடு இறங்கிவந்தது. சருகுகளும் குச்சிகளும் அதோடு சுழன்றன.

அப்பாவும் அதைப் பார்த்தார். பார்த்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி முங்கினார்.

இந்த முறை சீக்கிரம் வரவில்லை. தண்ணீர் முழுதும் கலங்கிவிட்டது, அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அப்பா, அப்பா என்று கத்தத்தான் வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. வேரிடுக்குக்கு ஓடி, சாவியைப் பிடுங்கி எடுத்து ஓடிவந்தபோது அவர் தலை மேலே தெரிந்தது.

"சாவி இங்க இருக்கு! எங்கிட்ட இருக்குப்பா! வாங்க, வெளிய வாங்க!"

அவர் என் கையைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கரையேறி என்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஓடினார். எங்களுக்குப் பின்னால் லாரி கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தபோது நாங்கள் பாய் விரித்திருந்த பாறை இல்லை. அங்கே பழுப்பாகத் தண்ணீர்தான் ஓடியது.

வண்டியை எடுத்து அவர் ஓட்டிய ஓட்டத்தில் என் தலை இரண்டு முறை கதவில் இடித்தது. காலையில் கடந்த ஓடைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அங்கே ஓடை இருக்கவில்லை, ஆறு இருந்தது. அப்பா ஒரு செம்பனை மட்டையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். நான்காவது அடியில் தண்ணீர் இடுப்பைத் தொட்டது, ஐந்தாவது அடியில் கால் வழுக்கி மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். மணி பன்னிரண்டரை. அக்கரைக்குப் போய்விட்டால் அதிகம் பிந்தாமல் போய்ச் சேரலாம். பிறகு வண்டிக்குள் இருந்த என்னைப் பார்த்தார். திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார்.

தண்ணீர் வடியட்டும் என்று மூன்று மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏன் பாப்பா ஒளிச்ச?"

"வீட்டுக்குப் போகப் புடிக்கல. ஒங்ககூடயே இருக்கணும்" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கோபம் என்று நினைத்து நான் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன்.

தார்ச்சாலைக்கு வந்து லைன் கிடைத்ததும் தொலைபேசி அடித்தது அடித்தபடியே இருந்தது. என்னிடம் கொடுத்து, அம்மாவிடம் பேசு என்றார். அம்மா அழுதார். நாங்கள் வீடு சேரும்போது மணி நாலரை. கேட்டுக்கு வெளியே அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். மாமா கையில் ஒரு காகிதம் இருந்தது. பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ஏற்கெனவே ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அம்மா ஓடிவந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்து, எத்தனையோ மாதம் கழித்து முதல் முறையாக அப்பாவிடம் நேராகப் பேசினார்.

"புள்ளயத் தண்ணிக்கா கொண்டுபோனீங்க? மணி என்னா ஆச்சு?"

நான் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இதோ சொல்லப்போகிறார், இதோ என் முதுகு பழுக்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

"சாவியத் தொலச்சிட்டேன். என் தப்புதான்" என்றார் அப்பா.

மாமா அதைக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அடுத்த முறைக்கான ஞாயிறு அன்று எட்டு மணிக்கு நான் தலை பின்னி, செருப்பு மாட்டி, கேட்டருகே நின்றேன். ஒன்பது மணிக்கு அம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மாமா டிவியைத்தான் விற்கவில்லை, இதைச் செய்துவிட்டார். அப்பாவை அதற்குப் பிறகு நான் பார்த்தது வழக்கு முடிந்த பின், வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, மாமா பக்கத்தில் இருக்க, ஒரு சாப்பாட்டுக் கடையில். பிறகு அவர் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். இப்போது தீபாவளிக்குப் பேசுகிறோம். சாப்பிட்டியா பாப்பா என்று கேட்பார். மற்றதைக் கேட்கமாட்டார்.

எனக்குத் திருமணம் பேசியபோதுதான் அம்மா அந்த வழக்கைப் பற்றி முதல் முறையாக வாய் திறந்தார். நீதிபதி அப்பாவிடம் கேட்டாராம், பிள்ளைக்கு உங்களிடம் ஒட்டுதல் இருக்கிறது என்பதற்கு ஏதாவது சொல்ல முடியுமா, அன்றைக்குத் தாமதமானதற்கு வேறு காரணம் உண்டா என்று. இல்லை, நான்தான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்றாராம் அப்பா. "ஒரு சாவியப் பத்திரமா வச்சுக்கத் தெரியாத மனுஷன், ஒன்ன எப்படிலா வச்சுக்குவாரு?" என்று சொல்லி அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தக் குரலில் வெறுப்புக்கூட இல்லை.

நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்துத் தோற்றுப்போன நாட்கள் நிறைய. பிள்ளை சாவியை ஒளித்து வைத்தாள், வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். அப்பா இதை மட்டும் சொல்லியிருந்தால் போதும், நான் அவர் பக்கம் போயிருக்கலாம், குறைந்தது என் ஞாயிறுகளாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் சொன்னால் அது அம்மாவின் காதில் விழும், தீர்ப்பு மாறாவிட்டால் மாமா வீட்டில் நான் அதோடு வளரவேண்டும். அந்த ஓடைக்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் இதைத்தான் யோசித்திருப்பார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அடி வாங்காமல் தப்பித்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.